தண்ணீர் கேட்ட வளைகாப்புப் பாட்டு

பெருவாகைக் கண்மாயின் கரை உடைந்த அன்றைக்குத் தண்ணீர் வெளியே வரவில்லை. அழகுநாச்சி பாடிக்கொண்டிருந்ததால், உடைப்பின் வாசலில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை அடித்து ஊற்றிக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்த சமயம், கரைக்கு நேர் கீழே, கரையடித் தெருவின் கடைசி வீட்டில், மைக்செட் கடை வைத்திருக்கும் செவந்தியப்பனின் மனைவி சுகந்திக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. சுகந்தியைப் பெற்றவள் அழகுநாச்சி. நாற்பது வருஷமாகச் சுற்றுப்பட்டு ஊர்களின் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் தானே பாட்டுக் கட்டித் தானே பாடுகிறவள் தன் மகளுக்குப் பாடாமல் வேறு யாருக்குப் பாடப்போகிறாள்?

மூன்றாவது அடி பாடும்போது கரை விண்டது. இரண்டு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் சரிந்து விழுந்ததை மணையில் உட்கார்ந்திருந்த சுகந்தி முதற்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள். பின்னால் இருந்த தண்ணீர் ஒரு பனைமர உயரத்துக்கு நிமிர்ந்து, பச்சையாய், நேராய், சுவர் மாதிரி நின்றது, அதற்குள் கெண்டைகள் திரிந்தன, ஒரு கெளுத்தி மீசையோடு ஓரம்வரை வந்து பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பயத்தில் அழகுநாச்சியின் வாய் நின்றுபோயிற்று. நின்றதுதான் தாமதம், தண்ணீர் முன்னால் சாய்ந்து வாசல் கோலத்தை நனைத்தது. அவள் பதறிப்போய் விட்ட அடியைப் பிடித்தாள், தண்ணீர் பின்வாங்கிப் பழையபடி நின்றது. என்ன நடக்கிறது என்பது அந்த நொடியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"நாச்சியக்கா, நிறுத்திறாதீக!" என்று கத்தினான் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் சின்னக்காளை. நாற்பது வருஷத்தில் அவளைப் பார்த்து ஒரு மனுஷன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் பாட்டுக் கட்டுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஏனம் விளக்கும்போதும் அரிசி களையும்போதும், கை வேலையில் இருக்கையில்தான் அவளுக்கு மெட்டு வரும். மெட்டு வந்த பிறகு வீட்டுக்காரர்களிடம் போய்ப் பெயர்களைக் கேட்பாள், தாய்மாமன் பெயர், அத்தை பெயர், சீர் கொண்டுவந்தவர் பெயர். பாட்டு என்பது பெயர் வைக்கிற இடம் என்பது அவள் கண்டுபிடித்த விஷயம். எந்த மனுஷனும் பாட்டைக் கேட்பதில்லை, தன் பெயர் வருகிற அடிக்காகக் காத்திருக்கிறான், பெயர் வந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து பந்திக்குப் போய்விடுகிறான். கடைசி அடியில் "அழகுநாச்சி கட்டுன பாட்டு" என்று அவள் தன் பெயரைப் போட்டு முடிக்கையில் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். கறுத்த பெண்ணைச் செந்தாமரை என்றும் கஞ்சனைக் கர்ணன் என்றும் பாடிப் பாடியே அவள் வாய்க்கு ராசியான வாய் என்று பெயர் வந்தது. அந்த ராசியைக் காப்பாற்ற அவள் சாவு வீட்டு வாசல் மிதித்ததில்லை, ஒப்பாரி வைத்ததில்லை. கட்டின புருஷன் செத்தபோதுகூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல்தான் அழுதாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

கண்மாய்த் தண்ணீரோ அவள் பார்த்த சபைகளைப் போல இல்லை. பாடின அடியைத் திரும்பப் பாடினால் அது ஏமாறவில்லை, சாய்ந்தது. பஞ்சாயத்துத் தலைவரம்மா வந்து நின்றபோது பழக்கதோஷத்தில் அவரை அள்ளிக் கொடுக்கும் சீமாட்டி என்று பாடிவிட்டாள். தண்ணீர் ஒரு முழம் வெளியே வந்து தலைவரம்மாவின் செருப்பை அடித்துக்கொண்டு போனது. புது அடியாக இருக்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும், அப்படியானால்தான் நின்றது. அடிகளுக்கு நடுவே பின்பாட்டுப் பெண்கள் "வளையடுக்குங்க தாயே வளையடுக்குங்க" என்று பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடினால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் பொறுத்துக்கொண்டது, அடுத்த அடிக்காகக் காத்திருந்தது. அந்த இடைவெளிகளில்தான் அழகுநாச்சி சாப்பிட்டாள், அந்த இடைவெளிகளில்தான் கண்ணயர்ந்தாள்.

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எல்லோரும் மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்குங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்கள். ஜனங்களும் பாய் தலையணையோடு போனார்கள். மறுநாள் விடிந்ததும், தண்ணீர்தான் நிற்கிறதே, அங்கே கொசுக்கடியில் எதற்குக் கிடக்க வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டார்கள். மண் கொட்ட வந்த ஜேசிபி வண்டியின் உறுமலுக்குத் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை நடுங்கியது. "பாட்டு கேக்கல, வண்டிய எடுத்துட்டுப் போங்கப்பா" என்று தெருவே கூடித் திருப்பி அனுப்பியது. கண்மாய் வடியட்டும், அப்புறம் மெதுவாக அடைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மழையோ விடுகிற மாதிரி இல்லை.

இப்படியாகத் தண்ணீர்ச் சுவர் தெருவுக்குப் பழகிப்போயிற்று. பெண்கள் அதன் ஓரத்தில் ஏனம் விளக்கினார்கள், வெளியூர்க்காரர்கள் வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், யாரோ மஞ்சள் துணி சாத்தினார்கள், சின்னக்காளை கடைக்கு இன்னும் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டான். செவந்தியப்பன் தெரு நெடுகக் குழாய் ரேடியோ கட்டி மாமியாரின் குரலை மேட்டுத்தெருவரை கொண்டுபோனான். தீபாவளிக்கு ஒரு வெடிகூட வெடிக்காமல் பிள்ளைகளை அடக்கி வைத்தார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து அவளுக்கு மிளகு ரசமும் பனங்கற்கண்டுப் பாலும் கொண்டுவந்தார்கள், கூடவே ஆளுக்கு ஓர் உண்மையும் கொண்டுவந்து காதில் சொன்னார்கள், பாடுவதற்கு ஆகட்டும் என்று. கிடாயைத் திருடினவன் வந்து சொன்னான், மருமகள் மேல் பாசம் உண்டு ஆனால் காட்டத் தெரியவில்லை என்று ஒரு மாமியார் சொன்னாள். எல்லாம் அடிகளாயின, குழாய் ரேடியோவில் எல்லோரும் கேட்டார்கள், இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுச் சமாதானமானார்கள். தெருவில் அப்படி ஒரு நல்ல காலம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அழகுநாச்சிக்கும் அது நல்ல காலம்தான், அதுதான் அவளைக் குடைந்தது. ஒருவரும் எழுந்து போகாத சபை. எதிரே கண்கொட்டாமல் நிற்கிற தண்ணீர். பொய் சொல்லாமல் பாடலாம் என்பதே இந்த வயதில்தான் தெரிகிறது, இத்தனை நாள் ஊருக்குச் சர்க்கரை தடவிக் கொடுத்தோமே என்று ஒரு பக்கம் வயிறு எரிந்தது, இன்னொரு பக்கம் நெஞ்சு நிறைந்து கிடந்தது. ஆனால் தொண்டை அவளுடையது. காலையில் எச்சில் விழுங்கினால் ரத்தச் சுவை வந்தது. அடி பிறக்க நேரமாகியது. உடைப்பின் இரண்டு பக்கத்திலும் மண் நாளுக்குக் கொஞ்சமாக ஊறிக் கரைந்து, சுவர் அகலமாகிக்கொண்டே வந்ததை அவளைத் தவிர ஒருத்தரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பல்லவி ஓடிய ஓர் இடைவெளியில் மகளை அருகே கூப்பிட்டாள். சுகந்தி வளைகாப்பு நாளிலிருந்து பந்தல்காலைத் தாண்டவில்லை, மணையைச் சுற்றியே உண்டு, மணைக்குப் பக்கத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தாள்.

"தாயி, நீயாச்சும் மேட்டுக்குப் போயிரு. எனக்கு ரொம்ப நாளு தாங்காது."

"பாட்டு முடியலையேம்மா. பாட்டு முடிஞ்சு ஆரத்தி எடுக்காம வளைகாப்புல இருந்து எப்படி எந்திரிக்கிறது? வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா?"

"பாட்ட முடிச்சா தண்ணி வந்துருமேடி!"

"அப்ப முடிக்காத." சுகந்தி கைவளைகளை ஒதுக்கிக்கொண்டு தாயின் வாயில் ஒரு வாய் பால் ஊற்றினாள். "ஊருக்கெல்லாம் முழுசாப் பாடுன. என் சடங்கன்னைக்குப் பாதியில எந்திரிச்சு அடுத்த ஊருக் கல்யாணத்துக்கு பஸ்ஸேறிப் போயிட்ட. இந்தப் பாட்டு என்னோடது. இது முடியிறவரைக்கும் நான் அசைய மாட்டேன்."

முடித்தால் தண்ணீர் வரும், முடிக்காவிட்டால் மகள் எழ மாட்டாள். பல்லவி தீர்ந்துவிட்டது, பின்பாட்டுப் பெண்கள் அழகுநாச்சியைப் பார்த்தார்கள், தண்ணீர் பார்த்தது. மகளின் கோபத்தையே ஓர் அடியாக்கி அவள் பாடினாள், தண்ணீர் நின்றது.

மறுநாள் காலை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. சின்னக்காளை கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். யாரோ வழிப்போக்கர், "ஏம்ப்பா, இவ்வளவு தண்ணிக்குக் கீழ உக்காந்து வெள்ளையடிக்கிறியே" என்று கேட்டதற்கு, "அக்கா தொண்டை இருக்கையில நமக்கென்ன கவலை" என்று மட்டையை வாளியில் முக்கிக்கொண்டே சொன்னான். அது அழகுநாச்சியின் காதில் விழுந்தது. அந்தத் தெருவையே தன் பாட்டு கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, தான் பாடப் பாட ஒருத்தரும் போகப் போவதில்லை, தான் நிறுத்துகிற அன்று ஒருத்தரும் மிஞ்சப் போவதில்லை என்று அவளுக்கு உறைத்தது. ஆட்களை உட்கார வைப்பதற்கே நாற்பது வருஷமாகப் பாட்டுக் கட்டியவளுக்கு, ஆட்களை எழுப்பிவிடுகிற பாட்டு எது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை அவள் வாய் ஒரு நாளும் பாடினதில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அந்த வீட்டை அடைத்துப் பூட்டிவிட்டு, மாசக்கணக்கில் வேறிடத்தில் குடியிருப்பார்கள். அடைப்பு என்று பெயர். அடைப்பு வீட்டில் மறந்தும் யாரும் கால் வைக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் வீட்டு வாசலில், அவன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைப்பதென்றால் அது எந்த நட்சத்திரத்தையும்விடக் கெட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வளைகாப்பு மெட்டை அப்படியே இழுத்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"பாலு பொங்கி நிக்குதையா, பாத்திரமும் ஆறலையே,
வெள்ளையடிச்ச சுவத்துமேல வெள்ளம் வந்து ஏறுதையா,
கடை தொறந்த சின்னக்காளே, கண்ணு தொறக்க மாட்டீரோ..."

தெரு முழுக்கக் குழாய் ரேடியோவில் அது கேட்டது. தண்ணீர் ஓர் அங்குலம் அசையவில்லை; இன்னும் நடக்காத உண்மையும் அதற்கு உண்மையாகவே பட்டது போலிருக்கிறது. சின்னக்காளையின் கையிலிருந்த மட்டை வாளிக்குள் விழுந்தது.

"யக்கா! உசுரோட இருக்கிறவனுக்கா ஒப்பாரி வக்கிறீக?"

அவன் மனைவி வீட்டுக்குள்ளிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்து, மண்ணை வாரி அழகுநாச்சியின் முகத்தில் தூற்றி, "உன் வாயி புழுத்துப் போக" என்று சபித்துவிட்டு, பிள்ளைகளையும் புருஷனையும் இழுத்துக்கொண்டு கதவைப் பூட்டி மேட்டுத்தெருவுக்குப் புறப்பட்டாள். அழகுநாச்சி அடுத்த வீட்டுக்கு ஆரம்பித்தாள். வீடு வீடாக, பெயர் பெயராக, தொட்டிலில் கிடந்ததையும் விடாமல், கிழடு கட்டைகளையும் விடாமல் பாடினாள். அவரவர் மாடத்தில் எது இருக்கும், கொடியில் எது காயும், தண்ணீர் வந்தால் எது முதலில் மிதக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், அவர்களே அவள் காதில் சொன்னதுதானே. அதையெல்லாம் வைத்து அழுதாள். நேற்றுவரை பனங்கற்கண்டுப் பால் கொண்டுவந்த கைகள் மண் அள்ளின. பின்பாட்டுப் பெண்கள் தங்கள் பெயர் வருவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தன் பெயர் வந்ததும் எழுந்து போகிற ஜனம் அன்றைக்கும் அப்படித்தான் எழுந்து போனது, சிரிப்பு மட்டும் இல்லை.

செவந்தியப்பன் மைக்கைப் பிடுங்கினான். "அத்தே, கிறுக்குப் புடிச்சுப்போச்சா ஒங்களுக்கு? எங்க வீட்டு வாசல்ல நின்னு எழவு பாடுறீக!" பெண்டாட்டியைக் கூப்பிட்டான், அவள் அசையவில்லை. சரி, முதலில் சாமான்களை ஏற்றிவிட்டு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டாவது போகிறேன் என்று ஆம்ப்ளிஃபையரையும் குழாய்களையும் மூன்று சக்கர வண்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனான். அழகுநாச்சி வெறும் தொண்டையில் பாடினாள்.

தெருவில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. உடைப்பின் இடது பக்கத்தில் ஒரு பெரிய பாளம் பெயர்ந்து விழுந்தது.

சுகந்தி மணையில் நிமிர்ந்து உட்கார்ந்து தாயின் முகத்தையே பார்த்தாள். "எனக்கும் பாடுவியாம்மா? பாடு பாப்போம்."

அழகுநாச்சியால் முடியவில்லை. பெற்ற மகள், வயிற்றில் பிள்ளை, கை நிறைய வளையல். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் சாய்ந்தது, கோலத்தைத் தாண்டிப் பந்தலுக்குள் வந்து ஆரத்தித் தட்டை நகர்த்தியது, சுகந்தியின் பாதத்தை நனைத்தது. அந்தப் பாதம் நனைந்ததைப் பார்த்ததும்தான் அவளுக்குக் குரல் வந்தது, அதுவும் குரல் என்று சொல்லும்படி இல்லை.

"வளையடுக்குன கையி ரெண்டும் வண்டலுல பொதையுதம்மா,
மணையில வச்ச மக மறுகாலுல போறாளம்மா,
தாலாட்டுக்கு வச்ச பாட்டு தலமாட்டுல நிக்குதம்மா,
சுகந்தி... எம் மகளே, சுகந்தி..."

சுகந்தி எழுந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணையை விட்டு, பந்தல்காலைத் தாண்டி இறங்கினாள். "இனி நீ எனக்கு அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தாள். அவள் வளையல் சத்தம் தெருவில் ஏறிப் போவதைக் காதில் வாங்கிக்கொண்டே அழகுநாச்சி அடிமேல் அடியாகப் பாடினாள், அந்தச் சத்தம் தேயத் தேயப் பாடினாள், அது மேட்டில் ஏறி மறைந்த பிறகும் கொஞ்சம் பாடினாள். அப்புறம் அவளிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஓடுகிற வயதும் இல்லை, கால் மரத்துப்போயிருந்தது. மிச்சம் இருந்தது தன் பெயரைப் போட்டு முடிக்கிற கடைசி அடி மட்டுந்தான். போதும், மகள் மேட்டில் ஏறிவிட்டாள் என்று நினைத்தபோது அவளுக்குப் பயங்கூட விட்டுப்போனது. தண்ணீர் தலைக்குமேல் கவிந்து வந்தது. அவள் அதைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அப்போது மேட்டிலிருந்து, செவந்தியப்பன் கொண்டுபோன குழாய் ரேடியோ கரகரத்தது.

மெட்டு சரியில்லை, தாளம் அதைவிட மோசம். சுகந்தி வாழ்நாளில் ஒரு பாட்டும் பாடினவள் இல்லை. மூச்சிரைக்க, அழுதுகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பாடினாள்.

"ஊருக்கெல்லாம் பாட்டுக்கட்டி ஒறங்காமத் திரிஞ்சவளே,
பெத்த மக சடங்குலதான் பாதியில போனவளே,
உசுரோட என்ன அழுத ஒன் வாயி வேகலையே,
தண்ணிக்கு முன்ன தனியா நிக்கும் அழகுநாச்சி,
என்னப் பெத்த அழகுநாச்சி..."

கவிந்த தண்ணீர் அப்படியே நின்றது. மெல்லப் பின்வாங்கி நிமிர்ந்து, குரல் வந்த மேட்டுப்பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தது. புது அடி, சத்தியமான அடி, அதற்கு வேறென்ன வேண்டும். அழகுநாச்சியும் கேட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் பெயரை அவளைத் தவிர இன்னொருவர் பாட்டில் வைத்துப் பாடுவது அதுதான் முதல் முறை. தங்கள் பெயர் வந்ததும் எழுந்து போகிறவர்களையே பார்த்துச் சலித்தவள், அன்றைக்குத் தானும் எழுந்தாள். சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, பூட்டின வீடுகளை ஒவ்வொன்றாகக் கடந்து மேட்டில் ஏறினாள். திட்டித் திட்டியே மகள் அவளை ஏற்றினாள், தாய் பள்ளிக்கூடத்து வாசல்படியில் கால் வைக்கிறவரை நிறுத்தவில்லை. வைத்ததைப் பார்த்ததும் சுகந்திக்கு மூச்சு முட்டிவிட்டது, மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

தண்ணீர் வந்தது. பந்தலும் மணையும் வெள்ளையடித்த டீக்கடையும் இருந்த இடம் தெரியாமல் கரையடித் தெரு முழுக்கப் போயிற்று. பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஆனாலும் யாரும் அவளை மன்னிக்கவில்லை. பிழைத்தது தெரியாமலா இருக்கும், தெரியும். ஆனாலும் உயிரோடு ஒப்பாரி வாங்கினவனுக்கு அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டேதான் இருக்கும். மேட்டில் புதுத் தெரு வந்தது, புது வீடுகளில் கல்யாணமும் காதுகுத்தும் வந்தன, ஒரு வீட்டிலிருந்தும் அவளைக் கூப்பிடவில்லை. ராசியான வாய் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பெயர் வந்த அந்த அடிகளை ஒருவரும் மறக்கவில்லை. சின்னக்காளை டீ ஆற்றும்போது தன்னையறியாமல் தன் ஒப்பாரியை முணுமுணுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்ப்பான்.

சுகந்திக்குப் பெண் பிறந்தது. தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு இல்லை. பெயர் வைத்த அன்றைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பாட்டு இல்லாமல் விசேஷம் முடிந்தது. அன்று மத்தியானம் குழந்தை அழ ஆரம்பித்து அழுதது, அழுதது, தோளில் போட்டும் தொட்டிலில் போட்டும் அடங்கவில்லை. சுகந்தி வந்து, தாயின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

"பாடு. பேரு மட்டும் போட்றாத."

பெயர் இல்லாமல் அழகுநாச்சிக்குப் பாட்டுத் தெரியாது. தொண்டையும் பழைய தொண்டை இல்லை. வெறும் மெட்டை எடுத்து, சொல் ஒன்றும் வைக்காமல் இழுத்தாள். வளைகாப்புக்குப் பாடியதும் அதுதான், ஒப்பாரிக்குப் பாடியதும் அதுதான். குழந்தை விசும்பி, விசும்பலை விட்டு, கேட்டது. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனது. இனி நிறுத்தலாமா என்று அழகுநாச்சி மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

சுகந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "நிறுத்தாதம்மா" என்றாள்.